லாபிரின் ஞாயிற்றுக்கிழமைகள்

உடல் வைத்த சந்தூக்கைத் தோளில் ஏற்றியவர்கள் வாசலைத் தாண்டும்போது ருக்கியா உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றாள். கணவர் லாபிரின் முகத்தை மூடியபோது வராத அழுகை, கூட்டத்தின் கடைசியில் போன தன் தம்பி தாஸிமைப் பார்த்ததும் வந்தது. தந்தி கண்டு கொழும்பிலிருந்து ஓடி வந்தவன், தகரப் பெட்டி, புத்தகக் கட்டு எல்லாவற்றையும் கூடவே கொண்டுவந்திருந்தான்.

யுனிவர்சிட்டி காலேஜில் படிக்கிறவன். நாளை மறுநாள் சோதனை.

போன வருஷம் அதே சோதனையில் தவறியிருந்தான். பேச ஆளில்லாமல் அறையில் தனியே கிடந்து, சாப்பாடும் தூக்கமும் கெட்டு, எலும்பும் தோலுமாக வீடு வந்தான். அதன் பிறகுதான் லாபிர் ஞாயிறு தவறாமல் கொழும்புக்கு ரயிலேறத் தொடங்கினார். கட்டுகஸ்தோட்டையில் பிடவைத் துணி விற்கிற கடைக்காரருக்கு இங்கிலிஷில் ஓரெழுத்துத் தெரியாது. திரும்பி வந்தால், "படிக்கிறான்" என்பார். அவ்வளவுதான். ஆனால் இந்த வருஷம் தாஸிம் வகுப்பில் முன்னுக்கு வந்திருந்தான்.

அடக்கம் செய்துவிட்டு வந்ததும் லாபிரின் அண்ணன் ஹுஸைன் முன்னறைக் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"நெஞ்சு நோவோட கிழமைக்குக் கிழமை கொழும்புக்கு அலைஞ்சான். உன்ட படிப்புத்தான் என்ட தம்பியத் தின்டது."

தாஸிம் தலை நிமிரவில்லை.

"நான் போகல்ல, ஹுஸைன் நானா. கடையில நிக்கிறேன்."

"நில்லு."

கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்த ருக்கியா திரையை விலக்கவில்லை. குரல் மட்டும் வந்தது.

"ஹுஸைன் நானா, இவன் தனிய இருந்தா உடைஞ்சுபோவான். அது அவருக்கு விளங்கினது. இத்தா முடியும்வரைக்கும் எனக்கு வாசப்படி தாண்ட ஏலா. நீங்க இவனோட போங்க."

"நான் அங்க போய் என்னத்தச் செய்ற? எனக்கு இங்கிலிஷ் தெரியாதே."

"அவருக்கும் தெரியாதுதான்."

ஹுஸைன் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் தாஸிம் திரைக்கு வெளியே வந்து நின்றான்.

"ராத்தா, கடைச் சாவி."

ருக்கியா கொடுக்கவில்லை. அவன் கேட்டபடியே நின்றான். அப்போது வாசலில் இருமல் கேட்டது. ஹுஸைன் கோட்டும் துருக்கித் தொப்பியுமாக நின்றார்.

"பெட்டிய எடு. ரயிலுக்கு நேரமாகுது."

தாஸிம் அசையவில்லை. ஹுஸைன் அவனை விட்டுத் திரைப் பக்கம் திரும்பினார். நேற்றைய குரல் இல்லை.

"புள்ள, என்ட தம்பி அங்க போனா எங்க உக்காருவான்?"

ருக்கியாவுக்குத் தெரியவில்லை. ஒருநாளும் கேட்டதில்லை.

தாஸிம்தான் சொன்னான்.

"கீழ, பாயில. என்னப் பாத்துக்கிட்டு இருந்தா எனக்குப் படிக்க ஏலாதென்டு, சுவர்ப் பக்கம் திரும்பித்தான் இருப்பார்."

"முழு நாளுமா?"

"ஓ, முழு நாளும்."

ஹுஸைன் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

ஜன்னல் இடுக்கில் ருக்கியாவுக்குப் பாதையின் ஒரு துண்டுதான் தெரிந்தது. தாஸிம் பெட்டியோடு முன்னால் நடந்தான். அவனுடைய நடைக்கு ஈடுகொடுக்க முடியாமல், கோட்டை ஒரு கையால் பிடித்தபடி, ஹுஸைன் பாதி ஓட்டமாகப் பின்னால் போனார்.