ஆளில்லாத சந்து

கணக்கெடுக்க யாராவது வந்தால் வெளியே பூட்டைத் தொங்கவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்வது அனகாபுத்தூர் ஆற்றோரச் சந்தில் மூன்று வருஷத்து வழக்கம். பக்கத்துச் சந்தில் முன்பு வந்தவர்கள் சிரித்துப் பேசி, தண்ணீர் வாங்கிக் குடித்து, கதவில் சிவப்பாக நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். நாலாம் மாதம் ஜேசிபி வந்து அத்தனை வீட்டையும் இடித்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா?

இன்றைக்கும் சந்துக்குப் பெரியவரான தனசிங் அண்ணன் எல்லா வீட்டையும் வெளியே பூட்டிவிட்டுச் சாவிக்கொத்தோடு எங்கோ போய்விட்டார். தகரக் கதவுக்குப் பின்னால் புஷ்பம் குந்தியிருந்தாள். கட்டிலில் அவள் புருஷன் ஏசுபாதம். பக்கவாதத்தில் விழுந்து ஆறு மாதம். முதுகெல்லாம் படுக்கைப் புண். காலையில் அதில் எறும்பு ஊர்ந்ததை அவரிடம் அவள் சொல்லவில்லை.

வெளியே செருப்புச் சத்தம் நின்றது. பள்ளிக்கூட வேலையோடு கணக்கெடுக்கிற வேலையும் தலையில் விழுந்த பிளஸ்ஸி டீச்சர், கூட வந்த கார்ப்பரேஷன்காரரிடம் அலுத்துக்கொண்டாள்.

"இதுவும் பூட்டுதான் சார். மூணாவது தடவை வரேன். ஆளில்லாத வீடுன்னு போட்டுடறேன். ஏழைங்க தெருன்னு கவர்மெண்ட் மேப்ல வந்தா வீட்டுக்கே நர்ஸ் வருவாங்க. இவங்களுக்குக் குடுத்து வைக்கல."

"ஆளில்லாத சந்துன்னா இடிக்கிறதும் ஈஸி மேடம்" என்று அவர் சிரித்தார்.

புஷ்பம் தகரத்தோடு காதை ஒட்டிக் கேட்டாள். பேர் கொடுத்தாலும் இடிப்பான், ஒளிந்தாலும் இடிப்பான் என்றால் மனுஷி எங்கே போவாள்? செருப்புச் சத்தம் நகர்ந்தது.

"மேடம்! உள்ள ஆள் கீது மேடம்!"

"வேணாம் புஷ்பம்" என்று குழறினார் ஏசுபாதம்.

"திறங்கம்மா, ஆளைப் பார்த்தாத்தான் எழுத முடியும்."

சாவிக்கு எங்கே போவது? ஜேசிபிக்குப் பயந்து காத்த கதவை அவளே உதைத்தாள். மூன்றாவது உதையில் நாதாங்கி பிய்ந்து விழுந்தது.

டீச்சர் எட்டிப் பார்த்தாள். புண்ணின் வாடை முகத்தில் அடிக்கவே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஒரு வீட்டுக்காக நர்ஸ் வண்டி வராதும்மா. அஞ்சு குடும்பமாவது பதிவாகணும். இன்னைக்குத்தான் கடைசி நாள். வேற யாராவது இருக்காங்களா?"

புஷ்பம் எதிர்வீட்டுக்கு ஓடினாள். ஏசுபாதம் விழுந்த அன்று அவர் தலையை மடியில் தாங்கி ஆட்டோவில் வந்தவள் அந்த வீட்டு ரத்தினபாய். வெளியே பூட்டு தொங்கினாலும் உள்ளேதான் இருக்கிறாள். ஃபேன் ஓடுகிற சத்தம் வெளியே கேட்டது.

"அக்கா, நாந்தான். அதுக்கு உடம்பு அழுகுதுக்கா. ஒருவாட்டி குரல் குடு, போதும்."

உள்ளே சுவிட்சைத் தட்டும் சத்தம். ஃபேன் நின்றது.