தேளுக்கு அடியில்

செலின் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெயை ஊற்றி, இரண்டு கைகளையும் சூடு வரத் தேய்த்துக்கொண்ட பிறகுதான் லோகநாயகியின் இடது முன்கையைத் தொட்டாள். என்றோ குத்தி வெளிறிப்போன பழைய பச்சை, எண்ணெய் பட்டதும் நனைந்த சிலேட்டைப் போலக் கறுத்து மேலெழும். பிறகு எண்ணெயைத் துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, தோலை இரு விரலால் இழுத்துப் பிடித்து, டிரேசிங் தாளை மேலே வைத்துப் பென்சிலை அழுத்தாமல் ஓட்ட வேண்டும். இழுத்தது அதிகமானால் மயில் வாத்தாகிவிடும். குறைந்தால் கோலம் கோணிக்கொள்ளும். இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய விரல்கள் கற்றுக்கொண்ட வேலை இது.

ஆரம்பித்தது அவள் கணவர் எட்மண்ட். ஆவடித் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். ஒருநாள் மின்சார ரயிலில் கீரைக் கூடையோடு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் கையையே வில்லிவாக்கம் வரை பார்த்துக்கொண்டு வந்து, அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் பார்த்த கோலத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து செலினிடம் காட்டினார். "எங்க ஃபேக்டரியில ஒரு போல்ட்டுக்குக்கூட ஒரிஜினல் டிராயிங் பீரோவுல இருக்கு. இதுக்கு ஒரிஜினல் ஆளோட கைதான். ஆளைக் கொளுத்தினா டிராயிங்கும் போச்சு. எவனாவது எடுத்து வெக்க வேணாமா?" என்றார். அவர் கண்ணில் அப்போது இருந்த வெளிச்சத்துக்காகவே செலின் தலையாட்டினாள். அந்நிய ஆண் ஒரு பெண்ணின் கையை இழுத்துப் பிடிக்க முடியாது. ஆகவே பூசை முடிந்ததும் சைக்கிளில் கிளம்புவார்கள். செலின் உள்ளே போய்ப் பிரதி எடுப்பாள், கதை கேட்பாள். எட்மண்ட் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருப்பார். வீட்டில் அதை மையில் சுத்தமாக வரைந்து, வலது கீழ் மூலையில் கட்டம் போட்டு, யார் கை, எந்த ஊர், என்ன தேதி என்று எழுதுவார். டைட்டில் பிளாக் என்கிற அந்தக் கட்டம் இல்லாத தாளை அவர் தாளாகவே மதிக்கமாட்டார்.

லோகநாயகி மேனாம்பேட்டில் இருந்தாள். பக்கத்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்புப் பட்டறையில் மணல் சலிக்கும் வேலை. அவள் முன்கையின் உட்புறத்தில் கொடுக்கு தூக்கிய பெரிய தேள் ஒன்று. அதைப் பிரதி எடுத்து முடித்த பிறகும் செலின் கையை விடவில்லை. சல்லடை ஆட்டி ஆட்டித் தோள்பட்டையில் ஒரு முடிச்சு இருப்பது விரலுக்குத் தெரிந்தது. மிச்ச எண்ணெயை விட்டு அதை நீவிக்கொடுத்தாள்.

"இன்னா தங்கச்சி, என் கைய இப்டி ஒர்த்தரும் புடிச்சு உட்டதில்ல" என்றாள் லோகநாயகி. பிறகு எழுந்து போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தாள். "இந்தத் தேளுக்கு அடில ஒரு பேரு கீது. பாக்கறியா?"

வெளிச்சத்துக்கு நேராகக் கையைத் திருப்பித் தோலை இன்னும் கொஞ்சம் இழுத்ததும் தெரிந்தது. தேளின் கோடுகளுக்கிடையே அவற்றைவிட ஆழமான நீலத்தில் புள்ளி புள்ளியாக எழுத்துகள். முதலெழுத்தின் சுழிகளைத்தான் இடுக்கிகளாக ஆக்கியிருந்தார்கள். கடைசி எழுத்தின் வளைவு வாலாகியிருந்தது. வேம்புலி.

பதினைந்து வயதில் திருவேற்காட்டுத் திருவிழாவில் ஒரு குறத்தியிடம் யாருக்கும் தெரியாமல் குத்திக்கொண்டதாம். அந்தப் பெயருக்குரிய பையன் அதே வருஷம் அம்மை வார்த்து இறந்துபோனான். வீராசாமிக்குக் கட்டிக்கொடுக்கும் முன் அம்மா அதே குறத்தியிடம் இழுத்துப்போய், பெயரின் மேல் தேளைக் குத்தவைத்தாள். "அவருக்குத் தேளு மட்டுந்தான் தெரியும். எனுக்குப் படிக்கத் தெரியாது. தேளு இல்லாம அந்தப் பேரு எப்டி இருக்கும்னு ஒரு தபா பாக்கணும் தங்கச்சி."

செலின் எழுத்துகளை மட்டும் தனித்தாளில் எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். லோகநாயகி நெடுநேரம் பார்த்தாள். அப்புறம் தாளை அவள் பக்கமே தள்ளினாள். "என் ஊட்ல வெச்சா வம்பு. நீயே வெச்சுக்க. யாருக்கும் காட்டாத, உன் ஊட்டுக்காருக்குங்கூட."

"காட்டமாட்டேன்க்கா. மாதா மேல ஆணை."

அன்றே கிழித்துப்போட்டிருக்கலாம். மனசு வரவில்லை. தாளை நாலாக மடித்து, பீரோவில் தன் கல்யாணப் புடவையின் மடிப்புக்குள் வைத்தாள்.

மறுவருஷம், எண்பத்தெட்டு சித்திரையில், தொழிற்சாலை மனமகிழ் மன்றத்தில் எட்மண்டின் தாள்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். சென்னையிலிருந்து ஓர் அதிகாரியம்மா திறந்துவைக்க வருவதாக ஏற்பாடு. பச்சையைக் காட்டிய பெண்களின் வீடுகளுக்கெல்லாம் எட்மண்ட் தானே சைக்கிளில் போய் அழைத்துவிட்டு வந்தார். செலினுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அன்று காலை மன்றத்துக்குள் நுழைந்தவள், நடுப்பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மேலே தேள். அந்தத் தாளின் மேல் விளிம்பை மட்டும் ஒட்டி, நாட்காட்டியைப் போலத் தூக்கிப் பார்க்கும்படி வைத்திருந்தது. தூக்கினால் கீழே வேம்புலி. நாலாக மடித்த தடம்கூட அதில் போகவில்லை. மூலையில் மையில் கட்டம்: லோகநாயகி, மேனாம்பேடு.

"ரேஷன் கார்டு தேடும்போது கெடச்சுது" என்றார் எட்மண்ட், ரகசியம் சொல்கிறவரின் குதூகலத்தோடு. "யாரோடதுன்னே போடல நீ. கண்ணாடி மேல ஒவ்வொரு ஷீட்டா வெச்சுப் பாத்தேன். தேளோட அப்படியே கோட்டுக்குக் கோடு உக்காந்துச்சு பாரு! மொத்தக் கலெக்‌ஷன்லயே இதான் ஒசத்தி."

"என்னங்க, அவங்க யாருக்கும் காட்டாதன்னு சொன்னாங்க. நான் ஆணையிட்டுக் குடுத்திருக்கேன். எடுத்துடுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். வாசலில் கார் வரும் சத்தம் கேட்டது. "சரி சரி. அந்தம்மா போனதும் எடுத்துடறேன்" என்று தலையாட்டினார்.

பதினான்கு வருஷமாக அவர் ஆட்டிய எந்தத் தலையாட்டலையும் அவள் சந்தேகப்பட்டதில்லை. விருந்தாளிகளுக்குத் தேநீர் கொடுக்கப் போனாள். அதிகாரியம்மா இரண்டு முறை தாளைத் தூக்கிப் பார்த்து வியந்ததும், கைதட்டியதும், கார் கிளம்பியதும் பின்கட்டில் அவள் காதுக்கு வந்தன. தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பியபோது நடுப்பலகையின் முன் மூன்று பேர் நின்றிருந்தார்கள். எட்மண்ட், புதுச்சட்டை போட்ட வீராசாமி, அவர் பின்னால் கனகாம்பரம் வைத்துக்கொண்டு லோகநாயகி.

"இதாங்க உங்க வீட்டம்மா கை" என்றார் எட்மண்ட்.

"தெரியுது சார். இருவத்தாறு வருசமா என்னைக் கொட்டிக்கினே கீது இந்தத் தேளு!" வீராசாமி சிரித்தார். தாளின் மேல் விரலை வைத்து, கொட்டுப்பட்டவர்போல 'ஸ்ஸ்' என்று வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வீட்டில் அவர் தினமும் செய்கிற விளையாட்டு என்பது லோகநாயகி வெட்கப்பட்டுத் தலையைத் திருப்பியதிலேயே தெரிந்தது.

செலின் கூப்பிட வாயெடுப்பதற்குள் எட்மண்ட் தாளைத் தூக்கிவிட்டார்.

வீராசாமி எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். "வே... ம்... பு..." உதடு அசைந்து நின்றது. "வேம்புலி. யார் சார் அது?"

"பழைய பேருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி குத்தினதா இருக்கும். அதை மறைக்கத்தான் மேல தேளு. இந்த மாதிரி கெடைக்கறது ரொம்ப அபூர்வம்." இருபத்தாறு வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்தவர்களுக்குச் செத்துப்போன பெயர் ஒன்று என்ன செய்துவிடும் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். அப்படி நினைக்கக்கூட இல்லையோ என்னவோ. அவர் கண் தாளின் மேலேயே இருந்தது.

லோகநாயகி அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தில் தேடி, செலினைப் பார்த்தாள். ஒரே ஒரு முறைதான். பிறகு முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். வரும்போது பின்னால் உட்காரவைத்து மிதித்து வந்த சைக்கிளை, போகும்போது வீராசாமி தள்ளிக்கொண்டே போனார். பத்தடி பின்னால் அவள் நடந்தாள்.

குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியதும் செலின் கேட்டாள். "எடுத்துடறேன்னு தலையாட்டினீங்களே?"

"அந்தம்மா ரெண்டு தடவ தூக்கிப் பாத்தாங்க, செலின்! எல்லாரும் அதைத்தான் பாக்க வந்தாங்க. எப்படி எடுக்கறது? நாளைக்கு நாமெல்லாம் போயிட்டாலும் அவ பேரு நிக்கும்."

"நிக்கணும்னு அவங்க கேட்டாங்களா?"

அவர் தாள்களை அடுக்கினார். மேலாக இருந்த தேளின் கட்டம் அவள் கண்ணில் பட்டது. ஊர், தேதிக்குக் கீழே இன்னும் இரண்டு வரிகள். வரைந்தவர்: எட்மண்ட். சரிபார்த்தவர்: எட்மண்ட். அறுபத்து மூன்று தாள்களிலும் அதே வரிகள். இத்தனை நாளும் அவள் அதைப் பொருட்படுத்தியதில்லை. வீட்டில் இருவரில் ஒருவர் பெயர் இருந்தால் போதாதா என்றிருந்தாள். இப்போது, தன் விரல்களை மட்டுமல்ல, தன் வாக்கையும் இந்த மனிதர் ஒரு கருவியைப்போல எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார் என்பது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. வேம்புலி என்றிருந்த தாளைத் திருப்பிக் கேட்டாள். "ரெக்கார்டைப் பிரிக்கக் கூடாது" என்று ஃபைலைக் கட்டி, மறுநாள் அலுவலகத்துக்கே எடுத்துப் போய்விட்டார். மாலைச் செபத்தில், தமக்குத் தீமை செய்தவரைப் பொறுப்பதாகச் சொல்லும் வரி வந்ததும் அவள் குரல் நின்றது. எட்மண்ட் மட்டும் தனியாகச் சொல்லி முடித்தார்.

மூன்றாம் நாள் அவள் அம்பத்தூருக்கு ரயிலேறினாள். கையில் கொடுக்க ஒன்றும் இல்லை. மன்னிப்பு கேட்பதற்குக்கூட ஒரு நல்ல வார்த்தை அகப்படவில்லை. ஆனாலும் போகாமல் இருப்பது இரண்டாவது பாவம் என்று பட்டது.

லோகநாயகி தெருமுனை அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயிலில், புடவைக்கு மேல் ஓர் ஆண்சட்டை. முழுக்கை, மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருந்தது.

"அக்கா."

பம்பு அடிப்பது நிற்கவில்லை. "நீ குட்த்தியா அத?"

"இல்லக்கா. அவரா எடுத்துட்டாரு. ஆனா நான் அன்னிக்கே கிழிச்சுப் போட்டிருக்கணும். போடல. அது என் தப்பு."

லோகநாயகி அடிப்பதை நிறுத்தினாள். "அடிச்சிருந்தாகூட ஆறிப் பூட்ருக்கும். அடிக்கல. சோறு போட்டா துன்றாரு. மறுநா காத்தால அவரு சட்டைய எட்த்தாந்து என் மேல போட்டு, 'கைய மூடிக்கோ'ன்னாரு. அவ்ளோதான். அதுக்கப்பால பேச்சில்ல." நெற்றி வியர்வையை அந்தச் சட்டைக் கையாலேயே துடைத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. தோளை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள்.

செலின் பக்கத்தில் போய்ப் பம்பின் கைப்பிடியைப் பிடித்தாள். லோகநாயகி உடனே விடவில்லை. சற்று நேரம் நான்கு கைகளும் அந்த இரும்பின் மேல் இருந்தன. பிறகு அவள் தன் கைகளை எடுத்துக்கொண்டு, குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்தாள்.

செலின் அடித்தாள். முதலில் வெறும் இருமல்தான் வந்தது. அப்புறம் தண்ணீர் வந்தது. குடம் பாதியாகி, கழுத்துக்கு ஏறி, நிறைந்து வழிந்தது. வழிந்த நீர் இருவர் காலடியிலும் பரவிச் சேறாகித் தெருவுக்குள் ஓடியது. போதும் என்று லோகநாயகி சொல்லவில்லை. குடத்தைத் தூக்கவும் இல்லை. வழிகிற தண்ணீரைப் பார்த்தபடி அங்கேயே நின்றாள். செலின் அடித்துக்கொண்டே இருந்தாள்.