முப்பத்து மூன்று தொப்பிகள்

"முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு, முப்பத்திமூணு. சரி, எடுங்கண்ணே!"

பஸ் படியில் நின்றபடியே எண்ணி முடித்தாள் கைடு. ஆளை எண்ண மாட்டாள், தொப்பியை எண்ணுவாள். டூர் கம்பெனி கொடுக்கும் மஞ்சள் தொப்பி. எந்தக் கூட்டத்திலும் பளிச்சென்று தெரியும். பயணிகள் முப்பத்திரண்டு பேர். மிச்சம் ஒன்று, கடைசி சீட்டில் அவள் அப்பா.

அப்பாவுக்கு மகள் முகம் மறந்து ஒரு வருஷம். சொந்தப் பெயரும் போய்விட்டது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பூட்டிவிட்டுப் போனால் கதவில் தலையை முட்டிக்கொள்கிறார். டிரைவரைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்திருந்தாள். சட்டைப் பையில் எதை வைத்தாலும் கிழித்துவிடுவார் என்று, தன் போன் நம்பரைத் தொப்பிக்குள் நூலால் தைத்திருந்தாள்.

காலையில் கோட்டையும் அரண்மனையும் கையைப் பிடித்துக் காட்டினாள். கடைவீதியில் மட்டும் அவர் அசந்து தூங்க, பஸ்ஸிலேயே விட்டுவிட்டுப் போனாள். அரை மணி நேரம்தான். திரும்பி வந்துதான் படியில் நின்று அந்த முப்பத்து மூன்றையும் எண்ணினாள்.

அடுத்த ஊர் வந்தது.

"அப்பா, எழுந்திருங்க."

தொப்பிக்குக் கீழே இருந்தது ஒரு மரப் பொம்மை. மீசை முறுக்கிய ராஜா.

"ஐயோ, அது என்னுதும்மா!" கடைவீதியில் பேரம் பேசியே கடைக்காரரை அழவைத்த பயணி அக்கா சிரித்தாள். "சீட் காலியா இருந்துச்சு, தொப்பி கீழ கிடந்துச்சு. ராஜாவுக்குக் கிரீடம் வேணாமா? எப்படி இருக்கார்?"

கைடு பொம்மையின் தலையிலிருந்து தொப்பியை எடுத்தாள். "இங்க தூங்கிட்டிருந்தவர்?"

"நான் ஏறும்போது இறங்கிப் போனாரே... உங்களைத் தேடித்தான் வர்றார்னு நினைச்சேன்."

பயணிகளை அந்த ஊரிலேயே இறக்கிவிட்டு, டிரைவர் பஸ்ஸைத் திருப்பினார். ஒரு மணி நேரப் பாதை. அவளுக்கு ஒரு யுகம்.

அவர்கள் பஸ் நின்ற இடத்தில் வேறு பஸ் நின்றது. கடைவீதி முழுக்கத் தலைகள். டீக்கடை, செருப்புக் கடை, வளையல் கடை, எங்கேயும் யாரும் அவரைப் பார்த்திருக்கவில்லை.

முனையில் நின்ற போலீஸ்காரர் நோட்டைப் பிரித்தார். "அடையாளம் சொல்லும்மா."

"மஞ்சள் தொப்பி..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்ல சார். வெள்ளைச் சட்டை."

"இங்க பாதிப் பேர் வெள்ளைச் சட்டைதான். பேர் சொல்லு, மைக்ல கூப்பிடறோம்."

"கூப்பிட்டா திரும்ப மாட்டார் சார். எந்தப் பேருக்கும்."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "சரிம்மா. யாராவது நல்லவங்க பார்த்தா போன் பண்ணுவாங்க."

அவள் கையிலிருந்த தொப்பியைத் திருப்பிப் பார்த்தாள். நம்பர் அப்படியே இருந்தது, ஒரு தையல்கூடப் பிரியாமல்.