ஒரே உறையில் வந்த சுற்றறிக்கை

அக்டோபர் பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குடிநீர் வாரியக் கால்பந்து அணி துறைமுக அணியை இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. மறுநாளே அந்த வெற்றி எங்களிடமிருந்து பறிக்கப்பட்டது. பறித்தவன் துறைமுக அணியின் செயலர். அவன் என் மனைவியின் உடன்பிறந்த தம்பி. எந்தக் குற்றத்தைக் காட்டிப் பறித்தானோ, அந்தக் குற்றத்தைச் செய்யச் சொன்னவனும் அவனே.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற நான், ஆறு ஆண்டுகளாக வாரிய அணியின் செயலராக இருக்கிறேன். நாங்கள் கீழ்வீட்டில் இருக்கிறோம், மைத்துனன் மாடியில். தேசியக் கோப்பைக்கான போட்டிக் குழு ஒரு முகவரிக்கு ஓர் உறைதான் அனுப்பும். ஒரே கதவு எண்ணில் இரண்டு செயலர்கள் இருக்கக்கூடும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆகவே இந்தப் பருவத்தின் விதிப் புத்தகமும் ஒன்றுதான் வந்தது. அது மாடிக்குப் போயிற்று. ஏதேனும் ஐயம் வந்தால் நான் மாடிப்படிக்குக் கீழே நின்று கேட்பேன். அவன் மேலிருந்து படித்துச் சொல்வான்.

மூன்றாம் சுற்றில் எங்கள் இருவரின் அணிகளும் மோத வேண்டும் என்று சீட்டு விழுந்தபோதும் அந்த வழக்கம் மாறவில்லை. எதிரணிச் செயலரிடம் விதி கேட்ட மூடன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதை மறைக்கப் போவதில்லை.

எங்களிடம் குழாய் பொருத்துநர் ஒருவர் புதிதாக மாற்றலாகி வந்திருந்தார். தலைமுடியால் அவருக்குச் சுருட்டை என்று பெயர். பழைய ஊர் அணிக்காக அவர் இதே கோப்பையின் முதல் சுற்றில் பதினொரு நிமிடம் ஆடியிருந்தார். அதை அவரே என்னிடம் சொன்னார். நான் படிக்கட்டுக்குப் போனேன்.

"தம்பி, முதல் சுற்றுல வேற அணிக்குக் கொஞ்ச நேரம் ஆடினவன் இப்ப எங்களுக்கு ஆடலாமா? புத்தகத்தைப் பார்த்துச் சொல்லு."

பக்கங்கள் புரளும் ஓசை கேட்டது. "மாற்றாளா இறங்கினவன்தானே? அதெல்லாம் சேர்த்தி இல்ல, அத்தான். தாராளமா இறக்குங்க."

"எந்தப் பக்கம்?"

"பத்தொன்பது. ஒப்பிக்கச் சொல்லாதீங்க, நான் உங்க வகுப்புப் பையன் இல்ல!"

கீழே காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி இதைக் கேட்டுச் சிரித்தாள்.

சுருட்டை கடைசி நான்கு நிமிடம் ஆடினார். பந்தை ஒரே ஒரு முறை தொட்டார். மறுநாள் மைத்துனன் எழுதிக் கொடுத்த முறையீட்டில் ஏழு பிழைகள் இருந்தன. ஆனால் அவன் மேற்கோள் காட்டிய விதி சரியானது. ஒரு பருவத்தில் ஓர் அணிக்காக ஒரு நிமிடம் ஆடியவரும் மற்றோர் அணிக்கு ஆடலாகாது. அந்த விதி நான்காம் பக்கத்தில் இருக்கிறது. குழுவுக்கு எழுதித் தனியாக ஒரு புத்தகம் வரவழைத்த பிறகுதான் அதைக் கண்டேன். பத்தொன்பதாம் பக்கத்தில் பந்தின் எடை எழுதியிருக்கிறது.

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்?" என்றான் அவன். "யாராவது கேட்டாங்களா?"

நான் மனைவியைப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் காதுல விழல. குக்கர் கத்திட்டிருந்துச்சு" என்றாள். அன்று அடுப்பில் குக்கரே இல்லை.

சுருட்டைக்கு இரண்டாண்டுத் தடை விதித்தார்கள். அவருக்கு வயது இருபத்தொன்பது. நீரேற்று நிலையத்தில் அவர் உள்ளே நுழைந்தாலே, "வாங்க, ரெண்டு வீட்டு மாப்பிள்ளை! இன்னிக்கு எந்த வீட்டுல சாப்பாடு?" என்று கேலி செய்தார்கள். அவர் ஒருமுறைகூட என்னைக் குறை சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் என் கோபம் சற்றுத் தணிந்திருக்கக்கூடும்.

எங்கள் இடத்தில் ஏறிய துறைமுக அணி நான்காம் சுற்றை வென்றது, காலிறுதியை வென்றது, பெனால்டி உதைகளில் அரையிறுதியையும் வென்றது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நான் போனேன். அவர்களுடைய கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, யார் யாருக்கு எந்த நிமிடத்தில் மஞ்சள் அட்டை காட்டப்பட்டது என்று குறித்துக்கொண்டேன். எதற்கென்று அப்போது எனக்கே தெரியாது.

இறுதி ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்பு அஞ்சல்காரர் ஓர் உறை கொண்டுவந்தார். உறைமேல் 'செயலர்' என்று மட்டும் இருந்தது. நானும் செயலர்தான். பிரித்தேன். வழக்கமாக அரையிறுதியோடு மஞ்சள் அட்டைகள் கணக்கிலிருந்து கழிந்துவிடும். இந்த ஆண்டு கழியா என்றும், வெவ்வேறு சுற்றுகளில் இரண்டு அட்டை பெற்றவர் இறுதி ஆட்டத்தில் ஆடலாகாது என்றும் அந்தச் சுற்றறிக்கை கூறியது. என் குறிப்பேட்டில் இரண்டு அட்டை பெற்றவர் ஒரே ஒருவர்: துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், அவர்களுடைய சிறந்த முன்கள ஆட்டக்காரர்.

வியாழக்கிழமை மாலை மைத்துனன் இறங்கி வந்தான்.

"அத்தான், குழுவிலேர்ந்து தபால் ஏதாவது வந்துச்சா?"

"வந்தது."

"குடுங்க."

"முதல்ல இதுல கையெழுத்துப் போடு."

நான் நீட்டிய தாளில் இரண்டே வாக்கியங்கள் இருந்தன. சுருட்டை ஆடலாம் என்று சொன்னவன் தானே என்பது முதலாவது; விதியை அறிந்தே பொய் சொன்னான் என்பது இரண்டாவது. படிக்கப் படிக்க அவன் காது சிவந்தது.

"இதுல கையெழுத்துப் போட்டா என் பதவி போச்சு."

"சுருட்டைக்கு ரெண்டு வருஷம் போச்சு."

"எவனோ ஒரு பைப் ஃபிட்டருக்காகச் சொந்த மச்சினனைக் கழுத்தைப் பிடிப்பீங்களா?"

"பிடிச்சிட்டுத்தானே இருக்கேன். தெரியலையா?"

மனைவி ஈரக் கையோடு வந்தாள். "என்னங்க, அந்தக் காகிதத்தைக் குடுத்துத் தொலைங்களேன்! சின்னப் பையன்கிட்ட என்ன வீம்பு?"

"அவனுக்கு அம்பத்திரண்டு வயசு" என்றேன்.

"விடுக்கா" என்றான் அவன். "என்ன பெரிய காகிதம்? வண்டியை எங்க நிறுத்தணும்னு எழுதியிருப்பான். அதை இவரே வச்சுப் பூசை பண்ணட்டும்."

மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். குழுவுக்கு ஒரு தொலைபேசி செய்திருந்தால் விவரம் தெரிந்திருக்கும். செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். எதிரே ஆலைத் தொழிலாளர் அணி. எழுபத்தோராம் நிமிடத்தில் கிரேன்காரர் எம்பித் தலையால் முட்டிய பந்து கோலுக்குள் போயிற்று. ஆட்டத்தின் ஒரே கோல் அதுதான். மைத்துனன் கோப்பையைத் தலைக்குமேல் தூக்கினான். என் வாழ்நாளில் அவ்வளவு மனநிறைவோடு நான் கைதட்டியதில்லை.

ஆலை அணிக்கு வந்த உறையை அவர்கள் ஒழுங்காகப் படித்திருந்தார்கள். திங்கட்கிழமை முறையிட்டார்கள். புதன்கிழமை குழுவிலிருந்து ஒருவர் வந்து, துறைமுகக் கேன்டீனில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கக் கோப்பையைத் துணிப்பையில் போட்டு எடுத்துப் போனார். கிரேன்காரருக்கும் இரண்டாண்டுத் தடை. மைத்துனனுக்கு? எச்சரிக்கைக் கடிதம் ஒன்று, அவ்வளவுதான். சுற்றறிக்கை தன் கைக்கு வரவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இன்றும் அவன் செயலராகவே இருக்கிறான்.

சனிக்கிழமை நண்பகலில் கிரேன்காரர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், நான் ஆடக்கூடாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாமே?"

"தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஓரமா பெஞ்சுல உட்கார்ந்திருப்பேன். எம் பொண்ணு கோப்பையைப் பிடிச்சிட்டு போட்டோ எடுத்துக்கிட்டா. இப்ப அதைச் சொல்லித்தான் அவளை வகுப்புல 'திருட்டுக் கோப்பை'ன்னு கூப்பிடுறாங்க."

அவர் போன பிறகு மாடியில் தொலைக்காட்சியின் ஒலி உயர்ந்தது. அதில் ஏதோ ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மைத்துனன் வாய்விட்டுச் சிரித்தான்.

அவன்மேல் நான் எறிந்த கல் அவன்மேல் படவில்லை. அவன் எறிந்ததும் என்மேல் படவில்லை. அடிபட்டவர்கள் குழாய் பொருத்துபவரும் கிரேன் ஓட்டுபவருமே. என் வஞ்சம் தீரவில்லை என்பதையும் நேர்மையாகவே சொல்லிவிடுகிறேன்; முன்னைவிட வளர்ந்திருக்கிறது. இம்முறை அது குறி தவறலாகாது.

ஜூன் இரண்டாம் நாள், இந்தக் கோப்பையை நடத்தும் கூட்டமைப்பின் பொதுக்குழு கூடுகிறது. பதிவுபெற்ற ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு வாக்கு உண்டு. இதைப் படிக்கும் உங்கள் சங்கத்துக்கும் உண்டு. ஆட்டக்காரர் இருவரின் தடையையும் நீக்கி, செயலர் இருவரையும் ஆயுள் முழுதும் விலக்கும் தீர்மானத்தை நான் அனுப்பியிருக்கிறேன். விலக்கப்பட வேண்டியோர் வரிசையில் என் பெயரே முதலாவது. வயதானவன், வாத்தியார், உண்மையை ஒப்புக்கொண்டவன் என்று எனக்கு இரங்கிவிடாதீர்கள். எனக்கு இரங்கினால் அடுத்த வரியில் இருப்பவனுக்கும் இரங்க வேண்டியிருக்கும். இரண்டு பெயரையும் சேர்த்தே வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் கையைத் தூக்குங்கள்.