கையுறைமேல் கையுறை

இதைச் சரியான வரிசையில்தான் சொல்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். அரிப்பு முதலில் வந்தது அண்ணிக்கா, நாத்தனாருக்கா என்பதுகூட மறந்துவிட்டது. பெண்களுக்கு முடிவெட்டும் கடை ஒன்றை இருவரும் சேர்ந்து நடத்தினார்கள். ஒரே களிம்பை இருவரும் மாற்றி மாற்றிப் பூசிக்கொண்டார்கள். அதுமட்டும் நிச்சயம்.

அண்ணிக்கு விரல்கள் வெடித்து, கத்தரிக்கோலைப் பிடித்தாலே ரத்தம் கசிந்தது. நாத்தனாருக்கு முழங்காலுக்குக் கீழே காசு காசாகத் தடிப்பு. அண்ணியின் கணவனுக்கோ புருவத்திலும் மூக்கோரத்திலும் செதில் செதிலாக உதிர்ந்தது.

"எல்லாம் ஒரே சொறிதான் அண்ணி. குடும்பச் சொத்து," என்றாள் நாத்தனார்.

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. கை போனால் தொழில் போச்சு. வேறு வேலை அவளுக்குத் தெரியாது. முடிச்சாயம்தான் ஆகவில்லை என்று முடிவுகட்டி, சாயம் பூசுவதை நாத்தனாரிடம் தள்ளினாள். சாயம் பூசும்போது முன்பே போட்டுவந்த ரப்பர் கையுறையைத் தலை அலசவும் போட்டாள். புண் ஆறாததால் கையுறைமேல் கையுறை. வீட்டில் பாத்திரம் கழுவவும் அதே. புண் புறங்கையில் பரவி, மணிக்கட்டில் கோடு கிழித்ததுபோல் நின்றது. சாயத்தைத் தொடாமலே இப்படியா?

கடைசியில் மூவரும் தோல் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"மூணு பேருக்கும் எக்ஸிமாங்கிற தோல் அழற்சிதான். ஆனா மூணும் வேற வேற," என்றார் அந்த அம்மா. "இவருக்கு எண்ணெய் சுரக்கிற இடத்துல வர்றது. இவங்களுக்கு வறண்ட தோல்ல வட்ட வட்டமா வர்றது. உங்களுக்கு ஏதோ ஒண்ணு பட்டு வருது. எதுன்னு பார்க்கணும்."

"அப்ப எக்ஸிமாங்கிறது ஆள் பேர் இல்ல, குடும்பப் பேரா டாக்டர்?" என்றான் கணவன்.

"அப்படியே வச்சுக்கங்க."

சந்தேகப்பட்ட பொருள்களை ஒவ்வொன்றில் ஒவ்வொன்றாக வைத்து, அண்ணியின் முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகளை வரிசையாக ஒட்டி, நனைக்காமல் வரச்சொன்னார் டாக்டர். சாயம் என்று வந்தால் கடையை விட வேண்டும். அந்த நினைப்போடே அவள் வளையவந்தாள்.

ஒட்டுகளைப் பிரித்து, பிறகும் ஒருமுறை வரவழைத்துப் பார்த்தார் டாக்டர். சாயம் வைத்த இடத்தில் ஒன்றுமில்லை. வேறோர் இடம் சிவந்து தடித்திருந்தது.

"சாயம் இல்லம்மா. ரப்பர் கையுறை செய்யும்போது சேர்க்கிற ரசாயனம். அதுதான் உங்களுக்கு ஆகல."

"கையைக் காப்பாத்தத்தானே போட்டேன்?"

"ஆமா."

காவலுக்கு வைத்தவனே வீட்டைக் கொளுத்தினான் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

"ரப்பர் இல்லாத வினைல் கையுறை போடுங்க. தொழிலை விட வேண்டாம்," என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் நாத்தனார் கேட்டாள்: "அப்ப என் கால் வட்டத்துக்கும் கையுறையா அண்ணி?"

"நீ கால்லயா மாட்டிக்கிட்ட?"

"எனக்கு ஒண்ணும் புரியல."

"எனக்கு மட்டும்?"

அண்ணியின் கை மெல்ல ஆறியது. சாயம் பூசுவது மறுபடி அவள் வேலையானது. நாத்தனாருக்குக் குளிர்காலத்தில் வட்டங்கள் திரும்புகின்றன. தனிக் களிம்பு பூசுகிறாள். கணவன் டாக்டர் எழுதிக்கொடுத்த ஷாம்பு போடுகிறான், மறந்தால் செதில் வருகிறது. கடை நடக்கிறது.