ஆணியில் தொங்கிய கப்

"உண்மையைச் சொல்லு. எங்க டம்ளர்ல வாய வெச்சியா, இல்லையா?"

சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள் வீட்டுக்காரி. உள்ளே, வேலைக்கு வரும் அக்கா சோப்பு நுரைக் கையோடு நின்றாள்.

"ஆறு வருஷமா கழுவுறேம்மா. ஒருநாள்கூட அதுல குடிச்சதில்ல."

"அப்ப எம் பொண்ணுக்கு மூணு நாளா வாந்தியும் பேதியும் எங்கேருந்து வந்துச்சு? உன்னாலதான்னு தெரிஞ்சுதுன்னா, அன்னிக்கே கணக்கு முடிஞ்சுது."

அக்கா சொன்னது உண்மை. அந்த வீட்டு டம்ளர் அத்தனையும் அவள் கையால்தான் துலங்கின. ஒன்றிலும் அவள் வாய் பட்டதில்லை. அவளுக்கென்று பின்சுவரில் ஒரு குழாய், குழாய்க்கு மேலே ஓர் ஆணி, ஆணியில் ஒரு பச்சை பிளாஸ்டிக் கப்.

இவ்வளவையும் கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்டார் வீட்டுக்காரர். நகரக் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் அவருக்குப் பத்தொன்பது வருட வேலை. தெருவில் அவருக்குக் 'குளோரின் சார்' என்று பெயர். "கிருமிக்கு ஏழை பணக்காரன் தெரியாது" என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசிக் கைதட்டல் வாங்கியவர். அந்த ஆணியை அடித்ததும் அவர்தான். ஊருக்கு உபதேசம், வீட்டில் சுத்தியல். நல்ல பிழைப்புடா என்று தன்னையே ஏசிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

செய்தித்தாள் பிடுங்கப்பட்டது.

"ஊர்த் தண்ணியெல்லாம் டெஸ்ட் பண்றீங்களே, நம்ம வீட்டுத் தண்ணியைப் பண்ணுங்க. ஃபில்டர், வெளிக்குழாய், அப்புறம் அவ கப்பு."

'கப்பு எதுக்கு?' என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். "சரிம்மா" என்றுதான் வந்தது. புலி மாதிரி கிளம்பிப் பூனையாக இறங்குவது அவருக்குப் பழக்கம்.

முறையில் மட்டும் குறை வைக்கவில்லை. குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, தீ காட்டி, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிட்டுப் புட்டியில் பிடித்தார். கப்பை மட்டும் குழாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அக்கா அதை ஆணியிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"எடுத்துட்டுப் போங்க சார். பத்திரமா திருப்பிக் கொண்டாங்க."

ஆய்வுக்கூடத்தில் மூன்று புட்டிகளும் ஊதா நிறத் திரவத்தோடு சூட்டுப்பெட்டிக்குள் போயின. கிருமி இருந்தால் ஊதா மஞ்சளாகும். இரண்டாம் நாள் திறந்து பார்த்தார். வெளிக்குழாய்த் தண்ணீர் ஊதா. கப்பைக் கழுவிய தண்ணீரும் ஊதா. ஃபில்டர் தண்ணீர் பளிச்சென்று மஞ்சள்.

புட்டிகளின் பெயர் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டிவிட்டால் வீட்டில் நிம்மதி. அந்த நினைப்பு வந்தது என்னவோ உண்மை. நகம் ஸ்டிக்கரின் ஓரம்வரை போய்விட்டுத் திரும்பியது. அதையே பெரிய வீரமாக நினைத்து நெஞ்சை நிமிர்த்தினாரே, அதுதான் வெட்கக்கேடு.

மாலையில், அக்காவும் இருக்கும்போதே அறிக்கையைப் படித்தார்.

"ஃபில்டர்லயா? அது எப்படி?" என்றாள் மனைவி.

"உள்ளே இருக்கிற கார்ட்ரிட்ஜை மாத்தியிருக்கணும். மாத்தாம விட்டா கிருமி அதுலயே குடியிருக்கும்."

"யாரு மாத்தணும்?"

அவர் பரணைப் பார்த்தார். எட்டு மாதத்துக்கு முன் வாங்கிய புதுக் கார்ட்ரிட்ஜ் பெட்டிகூடப் பிரிக்காமல் அங்கே இருந்தது. மனைவியும் பார்த்தாள். அக்கா மட்டும் பார்க்கவில்லை. பரணைத் துடைப்பவள் அவள்தானே, அவளுக்குத் தெரியும்.

இப்போதாவது ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். 'உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்' என்று ஒரே ஒரு வார்த்தை. மனைவி யோசித்தாள்.

"சரி. இனிமே நாமளும் வெளிக்குழாய்லயே பிடிச்சுக் குடிப்போம். ஏங்க, அந்த ஆணியைப் பிடுங்கிடுங்க. குடிக்கிற தண்ணி பிடிக்கிற இடத்துல அவ கப்பு தொங்கினா நல்லாவா இருக்கு?"

அவர் ஆணியைப் பிடுங்கப் போகவில்லை. இன்றைக்கு ஒருநாளாவது மனுஷனாக நடப்போம் என்று தன் பையிலிருந்த பச்சைக் கப்பை எடுத்தார். நேரே பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து, மனைவி பார்க்க அதில் தண்ணீர் பிடித்தார். வாயருகே கொண்டுபோகும்போது அக்காவின் கை குறுக்கே வந்து கப்பை வாங்கிக்கொண்டது.

"வேணாம் சார்."

"ஏம்மா? சுத்தமாத்தானே இருக்கு?"

"கப்பு சுத்தம்தான் சார். நீங்களே எழுதியிருக்கீங்க. மஞ்சளானது நீங்க குடிக்கிற தண்ணி. உங்க வாய் பட்டா, நான் இதைத் திரும்ப டெஸ்டுக்கு அனுப்பணும்."

அவள் சிரிக்கவில்லை. அந்தத் தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தாள். கப்பை அலசினாள். ஆணியில் மாட்டாமல் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, கேட்டைத் திறந்து போய்விட்டாள்.

உள்ளே தொட்டி நிறைய டம்ளர்கள் கழுவாமல் கிடந்தன. குளோரின் சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.