பரணில் இருந்த விதை

பரணுக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் நஸீரா. கண்ணாடிப் புட்டியைக் காணோம். கீழே வாப்பாவைக் கிடத்தியிருந்த பாயைக்கூட இன்னும் யாரும் சுருட்டவில்லை. அடக்கம் செய்யப் போன ஆண்கள் மழையில் தொப்பலாக நனைந்து, தாராவிச் சந்துக்குள் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

புட்டியில் இருந்தது ஒரு பிடி விதைதான். ஆனால் என்ன விதை! மலையில் அணை கட்டி மூழ்கடித்த ஒரு பள்ளத்தாக்கைத் தவிர வேறெங்கும் வளராத செடி. செம்பூரில் அவள் வேலை பார்க்கும் விதைக் காப்பகத்தில் குளிரறை மெஷின் படுத்துவிட, அந்தச் செடியின் விதையெல்லாம் பூசணம் பிடித்துச் செத்தது. மிஞ்சியதை ஈரம் படாமல் அவள்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மெஷின் சரியாகிவிட்டது, திங்கட்கிழமை திருப்பிக் கொண்டுபோக வேண்டியது. அதற்குள் வாப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

தம்பி ஷேக் பரீத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான்.

“பரீது, மேல ஒரு புட்டி இருந்துச்சே, பாத்தியால?”

“சப்ஜா விதைதானே லாத்தா? வாப்பா கப்ருல, மண்ணு மேல தூவணும்னாங்க. இந்த மழையில எந்த துகான் தொறந்திருக்கும்? நல்லவேளை, இது கண்ணுல பட்டுச்சு. பூராவும் தூவிட்டேன்.”

அடப்பாவி! காலையிலிருந்து வராத அழுகை பொத்துக்கொண்டு வந்தது நஸீராவுக்கு. பெண்கள் ஓடிவந்து தாங்கினார்கள். “அழுதுரு தாயி, வாப்பாவ நெனச்சு அழுது தீத்துரு” என்றார்கள். யாருக்காக அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த வெட்கத்தில் இன்னும் அழுதாள்.

பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போகிற வழக்கமில்லை. தம்பியைக் கதவோரம் இழுத்தாள்.

“மேல்மண்ண மட்டும் அள்ளிட்டு வரியா?”

“பாகல் ஆயிட்டியா, பைத்தியமா ஒனக்கு? வாப்பா கப்ரையா கெளறச் சொல்ற?”

“அது சப்ஜா இ…”

“என்னல தூவுன?” உள்ளிருந்து உம்மா கேட்டாள்.

“சப்ஜா, உம்மா.”

உம்மாவின் முகம் அன்று முதல்தடவையாகத் தெளிந்தது. “அது பச்சையா நிக்கிற மட்டும் அவுகளுக்காகத் தஸ்பீஹு ஓதும்ல, அல்லாவப் புகழ்ந்துக்கிட்டே இருக்கும்ல. தனியாக் கெடக்காகளேன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்.”

பரீத் அக்காவைப் பார்த்தான். “சப்ஜாதானே லாத்தா?”

“சப்ஜாதான்” என்றாள் நஸீரா.

அந்த விதையை ஒவ்வொன்றாகத் தோல் கீறி ஊன்றினால்தான் முளைக்கும். சும்மா மண்ணில் கிடந்தால் மழையில் ஊறி அழுகிப்போகும். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதப் பரீத் கபர்ஸ்தானுக்குக் கிளம்பும்போது, மாட்டுங்காவில் வாங்கிய சப்ஜாப் பொட்டலத்தை அவன் கையில் வைத்தாள்.

“அன்னைக்கே தூவிட்டேனே லாத்தா?”

“இதையும் தூவிரு.”

“அப்ப, மொதல்ல தூவுனது?”

நஸீரா அவன் விரல்களைப் பொட்டலத்தின் மேல் மடக்கி மூடினாள்.

“பரீது, எம்புட்டு உசரம் வந்திருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லுல” என்றாள் உம்மா உள்ளிருந்து.

பரீத் பொட்டலத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான்.